லட்சத்தில் ஒன்று

கும்மிடிப்பூண்டி,
8 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை ஷைனிக்கு,

மரியே வாழ்க. இங்கே நானும் அம்மாவும் சுகம். வள்ளூர் அனல் மின் நிலையத்தில் வாட்ச்மேனாக இருக்கும் அப்பா வாரம் ஒருமுறை வந்து, சுகமாகத் தூங்கிவிட்டுப் போகிறார். உனக்கு இருமல் விட்டதா? மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா? உனக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத் தரும் மதர் அவர்களுக்கும் இந்த வரியிலேயே என் ஸ்தோத்திரம். படிக்கப்போகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் எழுதுவது மரியாதையில்லை.

இன்று மாதா பிறந்தநாள். நேர்ந்துவிட்ட பிள்ளைகள் நீலப் பாவாடையில் வரிசையாகப் போனார்கள். மதருக்குத் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன்: பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் நானும் அந்த வரிசையில் போனவள்தான். மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்தேனாம். பிழைத்தால் உனக்கே கன்னியாஸ்திரியாகக் கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டது என்னைத்தான். நான் கணக்கில் பெயில் ஆனேன். பிளஸ் டூ தேறாத பெண்ணை மடத்தில் எடுக்கவில்லை. அம்மா அழுத அழுகையைப் பார்த்து, பத்து வயசுக்காரி நீ, "நான் போறேம்மா" என்றாய். சொன்ன சொல் தவறாமல் பிளஸ் டூ முடித்த கையோடு போய்விட்டாய். வருகிற மே மாதம் நீ கன்னியாஸ்திரியாக உறுதிமொழி எடுக்கும் வார்த்தைப்பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் செய்கிற எங்கள் கம்பெனியில் லேபுக்கு ஆள் எடுக்கிறார்கள். காண்ட்ராக்டில் மேஜை முன்னால் உட்கார்ந்து நல்ல சீல், கெட்ட சீல் என்று வருடக்கணக்காகப் பிரித்துக்கொண்டிருக்கும் எனக்கும் இடம் உண்டாம், பிளஸ் டூ கணக்கு தேறியிருந்தால். மார்ச்சில் தனித்தேர்வராக எழுதப் போகிறேன். புதுப் புத்தகங்களை வாங்கி உன் ஜன்னலோரக் கட்டிலில் அடுக்கியாயிற்று. அவை அங்கே நன்றாகப் படுத்திருக்கின்றன, எனக்குத்தான் தூக்கம் இல்லை. ட்யூஷனுக்குப் போனால் பிள்ளைகள் ஆன்ட்டி என்பார்கள். நீ தொண்ணூற்றெட்டு வாங்கியவள். கடிதத்திலேயே சொல்லித் தருவாயா? வகைநுண்கணிதமும் நிகழ்தகவும்தான் பயமுறுத்துகின்றன.

இன்னொன்று. வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டுமாமே, அது எப்போது? சும்மா கேட்டேன்.

உன் பதிலைக் கம்பெனி பஸ்ஸில் படிக்கக் காத்திருக்கும்
அக்கா விக்டோரியா


பொதட்டூர்பேட்டை வழி,
நவகன்னியர் இல்லம்,
21 செப்டம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இருமல் போய்விட்டது. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், நான்காவது வேளைக்குத் தோட்டத்துக் கொய்யா இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி? அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி என் அன்பைச் சொல்.

உன் ஸ்தோத்திரத்தை மதர் கிரேஸ் படித்துவிட்டுச் சிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். கணக்கு எழுதலாமா என்று கேட்டேன். மாதம் இரண்டு கடிதம் என்பதுதான் விதி, அதில் என்ன எழுதக்கூடாது என்று விதியில் இல்லை என்றார்.

இங்கே விடியலில் மணி அடிப்பதற்கு முன்பே ஊரிலிருந்து விசைத்தறிச் சத்தம் வரும். இருட்டுக்குள் எங்கோ யாரோ நிறுத்தாமல் ஜெபமாலை சொல்வதுபோல இருக்கும். படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தால் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது மறந்துவிடும். அந்த நேரத்தில்தான் உனக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று யோசித்தேன்.

உன் கம்பெனி பஸ் அரை மணியில் பதினைந்து கிலோமீட்டர் போகிறது என்று வை. சராசரி வேகம் மணிக்கு முப்பது. ஆனால் ரயில்வே மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் வேகம் என்ன? நேரத்தைக் குறைத்துக்கொண்டே போ. ஒரு நிமிடம், ஒரு விநாடி, அதிலும் துளி. பூஜ்யத்தை நெருங்கு, தொட்டுவிடாதே. அப்போது கிடைக்கும் வேகம்தான் வகைக்கெழு. இதைப் புரிந்துகொண்டால் பாதி புத்தகம் முடிந்தது.

உனக்கு ஒரு கணக்கு. எங்கள் தோட்டத்தில் ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு விளக்குக் கம்பம். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒருத்தி அதன் அடியிலிருந்து கோயிலை நோக்கி விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறாள். அவளுடைய நிழல் எந்த வீதத்தில் நீளும்? தினமும் சாயங்காலம் நடக்கிறேன், அளந்து பார்த்ததில்லை.

விண்ணப்பம் மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள் அன்று. அவரவர் கையால் எழுத வேண்டும்.

உன் விடைக்காகக் காத்திருக்கும்
ஷைனி


கும்மிடிப்பூண்டி,
13 அக்டோபர் 2024

அன்பு ஷைனி,

உனக்கும் மதருக்கும் ஸ்தோத்திரம். அம்மாவின் முட்டி மழை வருவதை வானிலைக்காரர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அதைத் தவிர எல்லோரும் நலம். நீ கொய்யாவைக் கழுவித் தின்கிறாயா?

பஸ்ஸை வைத்துச் சொன்னாயே, அதற்குப் பிறகு பஸ்ஸில் நான் தூங்குவதே இல்லை. விடியலில் மேம்பாலத்தின் மேல் ஏறும்போது தொழிற்பேட்டையின் புகைக்கூண்டுகள் எல்லாம் பாதி உயரம் வரை புகைமூட்டத்துக்குள் இருக்கும். மேல்பாதி மட்டும் வானத்தில் மிதக்கும். பக்கத்து சீட் பிரேமா என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் அந்த உச்சிக்காகக் காத்திருப்பேன். இதோ, இந்தக் கணம் என்பதற்குள் பாலம் முடிந்துவிடும். இருந்தாலும் ஒரு நொடி உடம்பில் எடையே இல்லாததுபோல இருக்கும். இருபத்தேழு வயதில் எனக்குக் கணக்கு வருகிறதா, கிறுக்கு வருகிறதா தெரியவில்லை.

உன் நிழல் கணக்கு. வடிவொத்த முக்கோணங்களைப் போட்டால், நிழல் எப்போதும் நடந்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே விநாடிக்கு மூன்றில் ஒரு மீட்டர் நீளும். நிழலின் நுனி மட்டும் விநாடிக்கு ஒன்றும் மூன்றில் ஒன்றும் மீட்டர் ஓடுகிறது. அதாவது நடப்பவளைவிட அவள் நிழல் வேகம். அவள் போகாத இடத்துக்கு அவளுக்கு முன்னாலேயே போய் விழுகிறது. இதைப் போட்டுவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாய்வு பூஜ்யமானால் வளைவு உச்சியில் இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது, பள்ளத்திலும் இருக்கலாம் என்றும் சொல்கிறது. என் பிழைப்பும் ஏறாமல் இறங்காமல்தான் இருக்கிறது. உச்சியா பள்ளமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்மா உனக்காக ஒரு ஊறுகாய் பாட்டில் போட்டு வைத்திருக்கிறாள். பார்சல் அனுப்பலாமா என்று கேட்டு எழுது.

பள்ளத்திலிருந்து,
அக்கா


பொதட்டூர்பேட்டை வழி,
2 நவம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம். இன்று இறந்தவர்கள் நாள். கல்லறைக்குப் போய் முகம் தெரியாத பழைய சிஸ்டர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். காற்றில் எல்லாச் சுடரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. சாய்வைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. ஊறுகாய் அனுப்பலாம், எல்லோருக்கும் பங்கு போகும் என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு.

உச்சியா பள்ளமா என்பதற்கு இரண்டாம் வகைக்கெழுவைப் பார். அது குறையாக வந்தால் உச்சி, மிகையாக வந்தால் பள்ளம். பள்ளம் என்று வந்தால் வருத்தப்படாதே, அதற்கப்புறம் ஏற்றம்தான்.

மாதிரிக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். காய்கறிப் பாத்திக்கு மதர் நாற்பது மீட்டர் கம்பிவலை வாங்கியிருக்கிறார். ஒரு பக்கம் சுவர் இருப்பதால் மூன்று பக்கம் அடைத்தால் போதும். அகலம் x என்றால் நீளம் 40 – 2x. பரப்பு 40x – 2x². வகையிட்டால் 40 – 4x. அதைப் பூஜ்யமாக்கினால் x = 10, நீளம் 20. மிக அதிகப் பரப்பு 400 சதுர மீட்டர்.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? நிழல் நுனியின் வேகத்தை நான் கேட்கவே இல்லை. அதைப் போடும் வழியையும் சொல்லித் தரவில்லை. நீயாகப் போட்டிருக்கிறாய். பிளஸ் டூவில் கணக்குக்கு முட்டை வாங்கினவள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டு அழுதாளே, அது உன்னைப் பற்றித்தானா?

நிகழ்தகவுக்கு உன் மேஜையிலிருந்தே ஒரு கணக்கு அனுப்பு. உனக்குத் தெரிந்த பொருளில் ஆரம்பிக்கலாம்.

அன்புடன்
ஷைனி


கும்மிடிப்பூண்டி,
24 நவம்பர் 2024

அன்பு ஷைனி,

நலம், நலமே வேண்டும். ஊறுகாய் புறப்பட்டுவிட்டது. தெருவில் தண்ணீர் வடிந்து இரண்டு நாள் ஆகிறது. கம்பெனி பஸ் படகு மாதிரி வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

முதலில் ஒரு சங்கதி. உன் பாத்திக் கணக்கில் 400 என்பதை யாரோ பென்சிலால் அடித்து, பக்கத்தில் 200 என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள். பத்தை இருபதால் பெருக்கினால் இருநூறுதான். அது உன் கையெழுத்து இல்லை. பென்சில் பிடித்தவர்களுக்கு என் தனி ஸ்தோத்திரம். தொண்ணூற்றெட்டு வாங்கினவளுக்கு மிச்ச இரண்டு எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறது.

என் மேஜைக் கணக்கு: நூறு சீலில் சராசரியாக ஐந்து கெட்டது வரும். பெட்டிக்குப் பத்து சீல். ஒன்றுகூடக் கெடாத பெட்டி பத்தில் எத்தனை வரும் என்று சூப்பர்வைசர் அன்புராஜ் கேட்டார். ஒன்பது என்று பிரேமா சொன்னாள். எனக்கென்னவோ அவ்வளவு வராது என்று தோன்றியது. இதை எப்படிப் போடுவது?

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், அது நான்தான். அப்போதெல்லாம் நாற்பது ஒரு மார்க் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. நாற்பதுக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன். ஒன்றுகூடச் சரியில்லை. என் ராசி அப்படி. மார்க் ஷீட்டில் மூன்று பூஜ்யம் போட்டுக் கொடுத்தார்கள், இருநூற்றுக்கு ஒன்றுமில்லை என்பதை அவ்வளவு அழகாக எழுத வேறு யாராலும் முடியாது. அம்மா அதை இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.

பண்டிகை வருகிறது. மூன்றாவது வருடமாக நீ இல்லாத கிறிஸ்துமஸ்.

அக்கா


பொதட்டூர்பேட்டை வழி,
27 டிசம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். அம்மா ஒழுங்காக மாத்திரை போடுகிறாளா? அப்பாவுக்குப் பண்டிகையன்று லீவு கிடைத்ததா? ஊறுகாய் இரண்டே நாளில் தீர்ந்தது. காலிப் பாட்டிலை நான் வைத்துக்கொண்டேன். திறந்தால் நம் வீட்டு வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

உன் மேஜைக் கணக்கு சுலபம். ஒரு சீல் நல்லதாக இருக்கும் நிகழ்தகவு 0.95. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இல்லை. பத்தும் நல்லதாக இருக்க 0.95 என்பதைப் பத்து முறை எழுதிப் பெருக்கு. ஏறத்தாழ 0.6 வரும். பத்துப் பெட்டியில் ஆறுதான் தேறும். பிரேமாவின் ஒன்பது தப்பு, உன் தோன்றல் சரி.

அதே வழியில் இன்னொன்று போட்டேன்.

ஒரு பெண்ணுக்கு நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒன்றுதான் சரி. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சராசரியாகப் பத்து சரியாக இருக்கும். ஒரு கேள்விக்குத் தப்பாகப் போடும் நிகழ்தகவு 0.75. நாற்பதும் தப்பாகப் போக, 0.75 என்பதை நாற்பது முறை பெருக்க வேண்டும். நான்கு மாலை உட்கார்ந்து கையால் பெருக்கினேன். 0.00001 வருகிறது. லட்சத்தில் ஒன்று.

நாற்பதும் தப்பாக வருவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதற்கு ராசி வேண்டாம். நாற்பதுக்கும் சரியான விடை தெரிந்திருந்தால் போதும்.

என் கணக்கில் பிழை இருந்தால் சொல். இந்த முறை பென்சில் எங்கேயும் திருத்தவில்லை.

ஷைனி


கும்மிடிப்பூண்டி,
9 பிப்ரவரி 2025

அன்பு ஷைனி,

சுகமா? ஆறு வாரம் ஆகிவிட்டது. நான்கு முறை எழுதினேன், நான்கையும் கிழித்தேன். மதர், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன் கணக்கில் பிழை இல்லை.

அன்றைக்கு நாற்பதும் எனக்குத் தெரியும். வெற்றுத்தாள் கொடுத்தால் டீச்சர் கேள்வி கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் நிரப்பினேன். சரியான விடைக்கு அடுத்த விடையைப் போட்டேன். 'அ' சரி என்றால் 'ஆ', 'ஈ' சரி என்றால் மறுபடி 'அ'. தப்பித் தவறி ஒன்றுகூடச் சரியாகிவிடக் கூடாதென்று இரண்டு முறை சரிபார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எந்தத் தேர்வும் எழுதியதில்லை. நெடுவினாக்களுக்குக் கேள்வியையே திருப்பி எழுதினேன்.

எனக்கு மடத்துக்குப் போகப் பயம். சாமிமேல் வெறுப்பில்லை. காலையில் ஸ்கூலுக்குப் போகும்போது கம்பெனி பஸ்ஸில் பூ வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு போகும் அக்காக்களைப் பார்ப்பேன். அந்த ஜன்னலில் ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மாதாவுக்கு நேர்ந்த பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பெயில் ஆனால் மடத்தில் எடுக்கமாட்டார்கள், நேர்ச்சை தானாக விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டேன். நேர்ச்சை என்னைத் தாண்டிப் போய் உன்மேல் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிழல் கணக்கைப் போட்ட அன்று ஏன் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லேப் வேலை பொய்யில்லை. ஆனால் அதற்காக நான் படிக்கவில்லை. உங்கள் சபையில் முப்பது வயது வரை சேர்ப்பார்களாம், பங்குச் சாமியாரிடம் சாடையாகக் கேட்டுவிட்டேன். தேறிய பிறகு நேராக மதரிடம் வந்து, நேர்ந்தது என்னைத்தான், என்னை எடுத்துக்கொண்டு என் தங்கையை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்லப் போகிறேன். அதுவரைக்கும் விண்ணப்பம் எழுதாதே. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

விக்டோரியா


பொதட்டூர்பேட்டை வழி,
20 பிப்ரவரி 2025

அக்கா,

பத்து வயதில் நான் பார்த்தது இதுதான். அம்மா அடுப்பு முன்னால் அழுதுகொண்டிருந்தாள். நீ போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். நீயும் அழுகிறாய் என்று நினைத்தேன். இரண்டு பேர் அழுகையையும் ஒரே வார்த்தையில் நிறுத்திவிடலாம் என்றுதான் அதைச் சொன்னேன். நிறுத்தியும் விட்டேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இத்தனை வருடமும் அந்தப் பெருமையில்தான் இருந்தேன். போர்வைக்குள் நீ அழவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ பயந்தது தப்பில்லை. பதினேழு வயதில் யாருக்கும் பயம் வரும். எனக்குக் கோபம் வேறொன்றில். நீ வந்தால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று உனக்கு யார் சொன்னது? எனக்கு இங்கே பிடித்திருக்கிறதா என்று ஒரு கடிதத்திலாவது கேட்டாயா? விடியற்காலைத் தறிச்சத்தம் எனக்குப் பிடிக்கும். பாடல் பாடும்போது கண் நிறையும். கட்டிலுக்கு அடியில் ஒரு நோட்டை ஒளித்து வைத்துத் தினமும் கணக்குப் போடுவதும் பிடிக்கும். உனக்குச் சொல்லித் தரும் சாக்கில் இந்த ஐந்து மாதமாக நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

அன்றைக்கு என்னைக் கேட்காமல் தோற்றாய். இன்றைக்கு என்னைக் கேட்காமல் ஜெயிக்கப் பார்க்கிறாய்.

எனக்காக நீ இங்கே வர வேண்டாம். தேர்வை எழுது. லேபுக்காக எழுது.


நவகன்னியர் இல்லம்,
2 மார்ச் 2025

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். உன் பெற்றோரின் நலனுக்காக ஜெபிக்கிறோம். வயதில் மூத்தவள் என்பதால் நீ என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு வந்த ஸ்தோத்திரங்களுக்கு மொத்தமாகப் பதில் ஸ்தோத்திரம்.

முப்பத்தோரு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பென்சில் என்னுடையதுதான். இருநூறை நானூறு என்று எழுதியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. லட்சத்தில் ஒன்றை நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான்.

ஆனால் நீங்கள் இருவரும் முதல் வரியையே தப்பாக எழுதிவிட்டு அதன்மேல் பத்து வருடமாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். இது திருச்சபைச் சட்டம், என் அபிப்பிராயம் இல்லை. உன் அம்மா நேர்ந்தது உன்னையும் கட்டாது, ஷைனியையும் கட்டாது. ஆகவே உன்னிடமிருந்து எடுத்து அவள்மேல் வைக்கவும், அவளிடமிருந்து எடுத்து உன்மேல் வைக்கவும் அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

மற்ற பிள்ளைகளுக்கு விண்ணப்பத்தின் மாதிரியைக் கொடுத்தேன். ஷைனிக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்திருக்கிறேன். நேர்ச்சை என்ற ஒன்று இல்லவே இல்லை என்றால் நீ எங்கே இருப்பாய், எழுது என்றேன். ஐந்து நாளாக அது வெள்ளையாகவே இருக்கிறது. திருநாள் வரை நேரம் இருக்கிறது, நான் அவசரப்படுத்தமாட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தில் கணக்கு ஒன்றும் இல்லை. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். தொகையிடலைப் பார்த்துவிட்டுப் போ.

கர்த்தரில்,
மதர் கிரேஸ்


கும்மிடிப்பூண்டி,
13 மார்ச் 2025

என் ஷைனிக்கு,

உனக்கும் மதருக்கும் ஸ்தோத்திரம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன், கோபம் எப்படி இருக்கிறது என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் கணக்குத் தேர்வு. ஹாலில் என்னைச் சுற்றிலும் பிள்ளைகள். கண்காணிக்க வந்தவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார், வேறு பள்ளி டீச்சர் என்று நினைத்துவிட்டார். இப்போதெல்லாம் ஒரு மார்க் இருபதுதான். முதல் கேள்விக்கு விடை 'இ'. பேனா 'ஈ' பக்கம் போயிற்று. பழைய பழக்கம், கைக்கு ஞாபகம் இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பாவாடையில்... இல்லை, சுடிதாரில் துடைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் நான் நீலப் பாவாடையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயிலும் வேப்பமரமும் அதே மாதிரி இருந்தன. பிறகு 'இ' என்று எழுதினேன். எழுதியதும் அழுகை வந்துவிட்டது. ஒரு பெண் தன் கைக்குட்டையைத் தந்தாள், அதற்கும் கண்காணிப்பாளர் திட்டினார்.

சாயங்காலம் சரிபார்த்தேன். இருபதும் சரி. அன்றைக்கும் எனக்கு நாற்பதும் தெரியும், ஷைனி. அதைத் தெரியும் என்று சொல்ல இத்தனை வருடம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டிகினு இருந்திருப்பேன். திட்டு ஒரு நாள்ல பூட்டிருக்கும்டி" என்றாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு போய், பைபிளுக்குள் இருந்த மார்க் ஷீட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். மதர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. காலையில் மூன்று தட்டு வைத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி எடுத்து வைத்தாள்.

நான் மடத்துக்கு வரவில்லை. லேபுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது அன்றைக்கும் அந்த பஸ்தான், இன்றைக்கும் அதுதான். அதைச் சொல்லிவிட்டதால், உன்னைக் கேட்க இப்போது எனக்கு வாய் வந்திருக்கிறது. நீ அங்கேயே இருந்தாலும் வார்த்தைப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்காருவேன். என்ன பதில் வந்தாலும் பென்சிலால் திருத்தமாட்டேன்.

ஷைனி, உனக்கு இன்னாடி வேணும்?

கேட்காமல் விட்ட
அக்கா


பொதட்டூர்பேட்டை வழி,
25 மார்ச் 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோரும் நலமாக இருங்கள்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் கடைசி வரியை மட்டும் எடுத்துப் படித்தேன். பத்து வயதிலிருந்து யாராவது இதைக் கேட்பார்கள் என்று காத்திருந்திருக்கிறேன். காத்திருந்தது எனக்கே தெரியவில்லை.

இன்று காலை பூசை முடிந்ததும் மற்றவர்கள் விண்ணப்பத்தைப் பீடத்தில் வைத்தார்கள். நான் வெள்ளைத் தாளில் ஒரே வரி எழுதி மதரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லை என்றார். பிறகு கொஞ்ச நேரம் என் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போ, காலேஜில் கணக்குப் படி, அதற்குப் பிறகும் தறிச்சத்தம் காதில் கேட்டால் நீயாக வா, கதவு இருக்கிறது என்றார். வருவேனா மாட்டேனா என்று எனக்கு இப்போது தெரியாது. தெரியாமல் இருக்கலாம் என்றும் சொல்லி அனுப்புகிறார்.

எழுதிய வரி இதுதான்: "ஊட்டுக்குப் போணும், மதர்."

ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் ரயில் ஏறி, சென்னையில் மாறி, மதியம் கும்மிடிப்பூண்டி லோக்கலில் வருகிறேன். அம்மாவிடம் ஊறுகாய் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று சொல். தட்டை உள்ளே எடுத்து வைக்க வேண்டாம் என்றும் சொல்.

ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் புத்தகங்களைச் சுவர்ப்பக்கமாக ஒதுக்கி வை. எடுத்துவிடாதே, எனக்கும் வேண்டும்.

ஷைனி